பொத்தான் வக்கீல்

பிப்ரவரி 4

பாப்பாவுக்கு,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவாய் என்று குமாஸ்தாவை விட்டு முகவரி எழுதச் சொன்னேன். உள்ளே இருப்பது நான்தான். கோபித்துக்கொள்ளாதே. பிரித்ததுதான் பிரித்துவிட்டாய், மிச்சத்தையும் படித்துவிடு.

நீ எனக்கு எழுதிப் பதினொரு வருஷம் ஆகிறது. நான் போட்ட ஆறு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அப்படி என்ன தப்புச் செய்தேன் என்று உன் அண்ணி இருந்தவரை அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் போனபோதும் நீ வரவில்லை. மூன்று வருஷமாகப் புலம்பலைக் கேட்கவும் ஆளில்லை. பிள்ளை குட்டி என்று எங்களுக்கு எதுவும் இல்லாமல் போனது உனக்குத் தெரியும். உனக்கு நான், எனக்கு நீ, அவ்வளவுதான் மிச்சம். அதையும் இப்படி விட்டு வைத்திருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 21 அன்று வக்கீல்கள் சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா. நாற்பத்தைந்து வருஷமாக அடிபட்டவர்கள் பக்கமே நின்று வாதாடினேனாம், ஒரு தடவைகூட எதிர்ப்பக்கம் போகவில்லையாம். அது உண்மைதான். ஏப்ரல் பாதியோடு ஆபீஸையும் மூடுகிறேன். விழா மேடையில் நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எல்லாரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

உன் வழக்கை இங்கே கதை மாதிரிச் சொல்கிறார்கள், தெரியுமா? லிப்டின் இரும்புக் கதவில் இருபத்து நாலு வயது டைப்பிஸ்ட் ஒருத்தியின் வலது கை நசுங்கியது. கதவு பழுது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தும் கட்டடக்காரன் அசையவில்லை. இடது கைப் பொத்தானைப் போட வலது கை வேண்டும் அல்லவா, அதனால் தினமும் காலையில் அவளுடைய முழுக்கைச் சட்டைக்கு அண்ணன்தான் பொத்தான் போட்டுவிடுவான். கோர்ட்டில் அதே அண்ணன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "உங்க இடது கைப் பொத்தானை நீங்களே போட்டுக்க முடியுமாம்மா?" அவள் கையைத் தூக்கினாள். சட்டைக்கை திறந்து தொங்கியது. "முடியாது" என்றாள். அவ்வளவுதான், வழக்கு அங்கேயே ஜெயித்துவிட்டது என்பார்கள். சின்ன வக்கீல்கள் என் காதுபடவே என்னைப் 'பொத்தான் வக்கீல்' என்கிறார்கள்.

வருவாயா? டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன்.

அண்ணா


பிப்ரவரி 15

வக்கீல் சார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கையை ஏமாற்றக்கூட ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தொழில் வளர்ந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம்.

நான் வரவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டாயே, சொல்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் உன் பேட்டி வந்தது. நூலகத்தில் காலையில் பத்திரிகைகளைப் பிரித்து மேஜைகளில் போடுவது அப்போது என் வேலை. 'என் தங்கை வழக்கில் உண்மையைத் தவிர வேறு எதையும் நான் கையில் எடுக்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே உன் படம். அந்தப் பக்கத்தை அப்படியே மடித்து உள்ளே தள்ளிவிட்டேன். அன்றைக்கு நிறுத்தியதுதான்.

அண்ணி போனபோது வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்தேன். உன் வீட்டு வாசல் முழுக்கக் கறுப்புக் கோட்டாக நின்றது. ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். அண்ணியிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உன்னுடையது மாதிரி ஒரே ஒரு கேள்விதான். நான் சாட்சி சொன்ன அன்று காலை ஏழு மணிக்கே நீ கோர்ட்டுக்குப் போய்விட்டாய். வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது. நான் தனியாக பஸ் ஏறி வந்தேன். அன்றைக்கு என் பொத்தானை யார் போட்டது?

பாப்பா என்று எழுதாதே. எனக்கு அறுபது வயதாகிறது.


பிப்ரவரி 20

பாப்பாவுக்கு,

வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, மன்னித்துக்கொள்.

தெருமுனை வரை வந்தாய் என்பதைப் படித்ததும் சாப்பிட முடியவில்லை. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே! வாசலில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. நான் உள்ளே அடுக்களையில் நின்றுகொண்டு, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டது. முப்பத்து நாலு வருஷம் ஆகிறது, இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பொத்தான் போடாமல்தானே வந்தாய்? நீதிபதியே தீர்ப்பில் எழுதியிருக்கிறாரே, பதினேழாவது பத்தி: 'சாட்சியின் திறந்து கிடந்த சட்டைக்கை, அவருடைய வார்த்தைகளைவிட அதிகம் பேசியது.' வேண்டுமானால் தீர்ப்பின் நகலை அனுப்புகிறேன்.

விழாவுக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. யோசித்துச் சொல்.

அண்ணா


மார்ச் 1

அண்ணாவுக்கு,

பதினேழாவது பத்தியாம். பூசி மெழுகாதே. உனக்கு நினைவில்லை என்றால் நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

சாட்சி நாளுக்கு ஒரு மாதம் முன்னால், அடுப்படியில் பாத்திரத்தின் மூடி நழுவியது. என் வலது கை தானாகப் போய் அதைப் பிடித்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். ஒன்றரை வருஷமாக மரக்கட்டை மாதிரிக் கிடந்த விரல்கள்! உனக்கு உடனே சொல்லவில்லை, நன்றாக வந்த பிறகு சொல்லித் திகைக்க வைக்கலாம் என்று ஆசை. நீ கோர்ட்டுக்குப் போனதும் உட்கார்ந்து பழகுவேன். வேறு என்ன? பொத்தான்தான்.

அன்று காலை நானே போட்டுக்கொண்டேன். கால் மணி நேரம் ஆயிற்று. போட்டு முடித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் தனியாக நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கோர்ட்டு வராந்தாவில் நீ கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாய். நான் கிட்டே வந்து இடது கையை உன் முன்னால் நீட்டினேன். "அண்ணா, பாரேன்" என்றேன். நீ பார்த்தாய். அப்புறம் வராந்தாவின் இந்தக் கோடி, அந்தக் கோடி எல்லாம் பார்த்தாய். அப்புறம் என் பொத்தானைக் கழற்றிவிட்டாய். "உள்ள போலாம்" என்று சொன்னாய்.

உள்ளே போனோம். நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

அதற்கப்புறம் நாலு வருஷம் மேல்முறையீடு நடந்தது. எதிராளியின் டாக்டர்கள் பார்க்க வந்தார்கள். தெருவில் ஒருத்தன் கேமராவோடு திரிந்தான். நான் கையைக் கழுத்தோடு கட்டிய பட்டையில் தொங்கவிட்டே வைத்திருந்தேன். தினமும் காலையில் நீ வந்து பொத்தான் போட்டுவிட்டாய். ஒரு நாளாவது என் முகத்தைப் பார்த்துப் போட்டாயா? எல்லாம் முடிந்து நானாக ஒரு டாக்டரிடம் போனேன். "நாலு வருஷம் முன்னாடியே பயிற்சி ஆரம்பிச்சிருந்தா முக்கால்வாசி திரும்பியிருக்குமேம்மா, ஏன் சும்மா விட்டீங்க?" என்றார். அந்த இரண்டு விரலும் மறுபடி இறுகிப் போயிருந்தன. நான் என்ன பதில் சொல்வது? கேஸ் நடந்தது என்றா?

ஊர் மாறி வந்தது அதனால்தான். வேலை கிடைத்தது என்று உன்னிடம் சொன்னது சாக்கு.


மார்ச் 9

பாப்பாவுக்கு,

நினைவிருக்கிறது. எல்லாம் நினைவிருக்கிறது. "பாரேன்" என்றாயே, அந்தக் குரல்கூட.

தவறாகப் போட்ட பொத்தானைச் சரி செய்யச் சொல்லித்தான் நீ கையை நீட்டினாய் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல பாதி நம்பியும் விட்டேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது இதுதான்: நம் டாக்டர், கை நிரந்தரமாகப் போய்விட்டது என்று முந்தின வாரம்தான் கூண்டேறிச் சொல்லியிருந்தார். ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மொத்தமும் நாடகம் என்பார்கள். அந்தக் கதவு ஓட்டையாக இருந்தது உண்மை, மூன்று கடிதம் உண்மை, உன் எலும்பு நொறுங்கியது உண்மை. அத்தனையும் ஒரு பொத்தானில் போய்விடும் என்று பயந்தேன். ஆறு மாதம்தானே, தீர்ப்பு வந்ததும் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். ஆறு மாதம் நாலு வருஷம் ஆயிற்று. நடுவில் வாயைத் திறந்தால் முதலில் திறக்காததற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

ஒன்று சொல்ல விடு. அதற்கப்புறம் என்னிடம் வந்த யாரையும் நான் அப்படி விடவில்லை. சலவைக்கூடத்தில் ஆவியில் கை வெந்த ஒரு பெண் வந்தாள். கை தேறி வந்தது, கேஸ் கெட்டுவிடுமோ என்று மறைத்தாள். "கேஸ் கெடக்கட்டும்மா, நீ கையை ஆட்டு" என்று சத்தம் போட்டேன். எதிராளி வக்கீல் முன்னால் அவள் பென்சிலைப் பிடித்துக் காட்டினாள், கோர்ட்டு பாதிகூடத் தரவில்லை. பாரம் விழுந்து முதுகு போன ஒரு வெல்டரை, நடக்க ஆரம்பித்த அன்றே நடந்தே கோர்ட்டுக்கு வரச் சொன்னேன். தோற்றோம். 'பொத்தான் வக்கீலுக்குப் புத்தி மழுங்கிவிட்டது' என்று கேன்டீனில் சிரித்தார்கள். முப்பது வருஷம் எல்லாரிடமும் முதல் நாளே சொல்லியிருக்கிறேன், முதலில் உடம்பு, அப்புறம்தான் கேஸ் என்று. ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

பேட்டியில் சொன்னது பொய். 21ஆம் தேதி மேடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். அதைத் தவிர வேறு எப்படி இதைச் சரிக்கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணா


மார்ச் 17

அண்ணாவுக்கு,

சொல்லாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக அந்த எண்ணத்தை விடு.

நீ மட்டும் செய்ததில்லை இது. "முடியாது" என்று சொன்ன வாய் என்னுடையது. நீ கேள்வி கேட்டபோது என் கண் முன்னால் வேறொன்று ஓடியது. முந்தின ஆறு மாதமும் நீ நாற்காலியிலேயே தூங்கினாய், கன்னத்தில் காகிதக் கட்டின் கயிறு பதிந்திருக்கும். என் விரல் அசைந்தால் அண்ணன் தோற்றுவிடுவான் என்று தோன்றியது. கை தூக்கினேன், சொன்னேன். நீ திரும்பி உட்கார்ந்தபோது உன் முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல்.

இது நம் இரண்டு பேருக்குள் கிடக்கிற விஷயம். மைக் முன்னால் வைக்கிற விஷயம் இல்லை. விழாவை எப்படியாவது முடித்துக்கொண்டு எனக்கு எழுது.

இங்கே எல்லாம் சௌக்கியம். நூலகத்தில் ஓய்வு கொடுத்த பிறகும் வாரத்தில் மூன்று நாள் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். மற்ற நாட்களில் மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்தான் துணை.

பாப்பா


மார்ச் 22

பாப்பாவுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. விழா நேற்றே முடிந்துவிட்டது.

சொல்லிவிட்டேன். இருநூறு பேர் இருந்தார்கள். வராந்தா, பொத்தான், நான் கழற்றியது, நாலு வருஷம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் யாராவது எழுந்து வெளியே போவார்கள், யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கை தட்டினார்கள் பாப்பா. எழுந்து நின்று தட்டினார்கள். 'இந்த வயதில் இவ்வளவு நேர்மையா' என்று தலைவர் மைக்கில் உருகினார். கேடயத்தை என் கையில் திணித்தார்கள். கீழே இறங்கியதும் ஒரு சின்ன வக்கீல் ஓடி வந்து, "சார், அப்ப அந்த மாதிரி கேள்வியை நாங்க கேட்கலாமா, கூடாதா?" என்று நிஜமான சந்தேகமாகக் கேட்டான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் படம் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் துணி மூட்டைக்கு அடியில் வைத்தேன். இன்று காலை உன் கடிதம்.

அண்ணா


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். கெட்ட வார்த்தைகளாக வந்தன.

முப்பத்து நாலு வருஷம் முன்னால் என்னைக் கேட்காமல் என் கையைக் கோர்ட்டில் தூக்கிக் காட்டினாய். இப்போது என்னைக் கேட்காமல் மறுபடியும் இருநூறு பேர் முன்னால் தூக்கிக் காட்டிவிட்டு வந்திருக்கிறாய். அன்றைக்கும் ஜெயித்தாய். இன்றைக்கும் நீதான் ஜெயித்தாய். அட போ அண்ணா! தப்பு செய்ததற்குக் கைதட்டல் வாங்குகிற சாமர்த்தியம் உன்னைத் தவிர யாருக்கு வரும்? எழுதும்போதே சிரிப்பு வருகிறது, அதுவும் கோபமாக இருக்கிறது.

மார்ச் 9 அன்று நீ எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். விளக்கம் இருக்கிறது. காரணம் இருக்கிறது. அடுத்தவர்களுக்குச் செய்த நல்லதெல்லாம் வரிசையாக இருக்கிறது. சலவைக்காரப் பெண்ணிடம் "கையை ஆட்டு" என்று சொன்னாய், வெல்டரிடம் "நட" என்று சொன்னாய். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் முப்பது வருஷம் அதைச் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒரு தடவை சொல்லவில்லை. காலையில் இரண்டடி தூரத்தில் நின்று பொத்தான் போட்டுவிட்டாயே, அப்போது மெதுவாகச் சொல்லியிருந்தால் போதுமே. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஆட்டியிருப்பேனே!

தப்பு என்று சங்கத்துக்குச் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை நீ. கடிதம் முழுக்கத் தேடினேன். குமாஸ்தாவை விட்டு முகவரி எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே என்பாய், பாப்பா என்று எழுதியதற்கு மன்னிப்பு கேட்பாய். இதற்கு மட்டும் வாதம்.

இனி எழுதாதே என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத முடியவில்லை.


ஏப்ரல் 14

பாப்பாவுக்கு,

ஆபீஸைக் காலி செய்துவிட்டேன். நேற்று கடைசி நாள். குமாஸ்தா சாவியை வாங்கிக்கொண்டு போனபின் வெளியே வராந்தாவில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து வருஷமாக அடிபட்டவர்கள் வந்து காத்திருந்த பெஞ்சு. நான் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நடுப் பலகையில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. தொடையில் குத்துகிறது. எத்தனை பேருக்குக் குத்தியிருக்கும்! முதுகு போனவர்கள், கால் போனவர்கள். ஒருத்தர்கூட என்னிடம் சொல்லவில்லை. உதவி கேட்டு வந்த இடத்தில் எதற்குக் குறை சொல்வது என்று நினைத்திருப்பார்கள்.

நீயும் அந்த மாதிரிதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. ஆணியை ஒரு கல்லால் அடித்து உள்ளே இறக்கிவிட்டு வந்தேன். இனிமேல் அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

நீ ஆசையாகக் காட்ட வந்ததை நான் கழற்றிவிட்டேன். உன் கை திரும்ப வந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்படவே இல்லை, பயந்தேன். அதுதான் நான் செய்தது. கேஸ் இல்லை, டாக்டர் இல்லை, ஒரு காரணமும் இல்லை. என்னை மன்னித்துவிடு பாப்பா. மன்னிக்காவிட்டாலும் சரி, கேட்காமல் செத்துப்போகக் கூடாது.

கேடயத்தைச் சங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கும் பெருமையாக ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். நீ சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்வதாக இல்லை.

அண்ணா


ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

செவ்வாய்க்கிழமை வா. செவ்வாயும் வெள்ளியும்தான் நான் முழு நாளும் வீட்டில் இருப்பேன். பஸ் நிலையத்துக்கு வந்து உன்னைக் கூட்டிப் போக மாட்டேன், அந்த எண்ணம் வேண்டாம். தபால் ஆபீஸுக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது கட்டடம், முதல் மாடி. லிப்ட் இருக்கிறது. நான் படியில்தான் ஏறுகிறேன். நீ உன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு எதில் வேண்டுமானாலும் வா.

மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அது வரும்போது வரட்டும், வராமலும் போகலாம். இங்கே வந்து விளக்கம் எதுவும் சொல்லாதே, கேட்டால் அடித்து விரட்டிவிடுவேன். சாப்பாட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். காய் நறுக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், நீ வந்து நறுக்கிக் கொடு.

இன்னொன்று. நான் இன்னும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். தழும்பை எல்லாரும் பார்க்க வேண்டாமே. வலது கைப் பொத்தானை இடது கையால் போட்டுவிடுவேன். இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது, இடது கைப் பொத்தானை ஒரு நாளும் போட்டதில்லை. யாரையும் போட்டுவிடச் சொன்னதும் இல்லை. நூலகத்தில் கேட்டால் காற்றாட இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். இடது கையால் எழுதும்போது அது மையில் புரண்டு எத்தனை சட்டை வீணாகியிருக்கிறது தெரியுமா? இந்தத் தாளின் ஓரத்தில் இருக்கிற கறைகூட அதுதான்.

வந்ததும் முதலில் செருப்பைக் கழற்று, கையைக் கழுவு. நான் கதவண்டை நின்று கையை நீட்டுவேன். சுற்றுமுற்றும் பார்க்காதே, அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். என் முகத்தைப் பார்த்துப் போட்டுவிடு.

பாப்பா